ஒரே புரபோசல்ல ரெண்டு ‘ஸ்ட்ரெயின்’: மண்ணும் பாக்டீரியாவும் சேர்ந்து நிதி கேட்ட கதை

ஆராய்ச்சி நிதி கேட்டு நாங்க அனுப்பின புரபோசலை அலசற நிபுணர் குழு, அதான் பேனல், அதோட முடிவு மெயில்ல வந்தப்போ கூடவே மூணு ரிவ்யூ ஒட்டியிருந்துச்சு. ரிவ்யூவர் பேரு இருக்காது, ஆனா நாலு வரி படிச்சா எந்த ஃபீல்டு ஆளுன்னு தெரிஞ்சுடும். முதல் ஆளு கண்டிப்பா மண் இன்ஜினியரிங். பாக்டீரியா பகுதி நல்ல பலமா இருக்கு, மண்ணு பகுதி மேலோட்டமா இருக்குன்னு எழுதியிருந்தார். ரெண்டாவது ஆளு மைக்ரோபயாலஜி, அவர் எழுதினது அப்படியே தலைகீழ், மண்ணு பகுதி பலம், பாக்டீரியா பகுதி மேலோட்டம். மூணாவது ஆளு எதையும் குறை சொல்லல. இதுல ரெண்டு நல்ல ப்ராஜெக்ட் இருக்கு, ஏன் ஒண்ணா அனுப்பியிருக்காங்கன்னு புரியலன்னு ஒரே வரில முடிச்சிட்டார். மூணுலயும் வலிச்சது அந்த ஒரு வரிதான், ஏன்னா அது உண்மை.

ரெண்டு துறை சேர்ந்து ஒரு அறிவியல் இன்ஜினியரிங் கிராண்ட் எழுதி, தோத்து, மறுபடி எழுதி, கொஞ்சம் வெட்டுப்பட்டு ஜெயிச்ச விவகாரத்தைத்தான் முழுசா எழுதறேன். எந்த ஏஜென்சி, எந்த பல்கலைக்கழகம்ங்கறது வேண்டாம், தப்புல பெரும்பாலானது எங்களோடதுதான்.

முதல்ல ஐடியா என்னன்னு சொல்லிடறேன், இல்லன்னா மிச்சம் எதுவும் புரியாது. பொலபொலன்னு இருக்கற மணலை பாக்டீரியாவை வெச்சு கெட்டியாக்கறது. ஸ்போரோசார்சினா பாஸ்டுரீன்னு ஒரு மண் பாக்டீரியா இருக்கு, அதுகிட்ட யூரியேஸ் என்சைம் நிறைய. அதை மணலுக்குள்ள விட்டு, யூரியாவும் கால்சியம் குளோரைடும் கலந்த தண்ணி ஊத்தினா, அது யூரியாவை உடைச்சு கார்பனேட் கொடுக்கும், கார்பனேட் கால்சியத்தோட சேர்ந்து கால்சைட்டா படியும், அந்த கால்சைட் மணல் துகள்களை ஒட்டவெச்சிடும். சிமெண்ட் இல்லாத சிமெண்ட் வேலை. இது நாங்க கண்டுபிடிச்சதும் இல்ல, புதுசும் இல்ல. விஃபின்னு ஒரு ஆய்வாளர் 2004ல மர்டாக் பல்கலைக்கழகத்துல இதைப் பத்தி முனைவர் பட்டம் வாங்கினாங்க, 2006ல டிஜாங் குழு பாக்டீரியா ஒட்டவெச்ச மணலை லேப்ல வெச்சு ஷியர் பண்ணி, அதாவது துகள்கள் ஒண்ணு மேல ஒண்ணு நழுவற மாதிரி விசை கொடுத்து, காட்டினாங்க, 2010ல வான் பாஸன் குழு 100 கன மீட்டர் மணல்ல பண்ணி ரிசல்ட் போட்டாங்க. 2015ல அமெரிக்காவோட நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன், அதான் என்எஸ்எஃப், இந்த மாதிரி உயிரியல் வழி மண் வேலைகளுக்குன்னே அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் தலைமையில ஒரு இன்ஜினியரிங் ரிசர்ச் சென்டரே ஆரம்பிச்சிடுச்சு. அதனால ‘மணலை பாக்டீரியா வெச்சு கெட்டியாக்கறோம்’னு மட்டும் எழுதினா யாரும் காசு கொடுக்க மாட்டாங்க. நாங்க கிட்டத்தட்ட அதைத்தான் எழுதியிருந்தோம்.

நான் மண் இன்ஜினியரிங். கூட சேர்ந்தவங்க மைக்ரோபயாலஜி துறையில சீனியர், நான் மேடம்னு கூப்பிடுவேன். மொத ரவுண்டுல நாங்க வேலை பிரிச்ச விதம் இருக்கே, இப்போ நினைச்சா சிரிப்பா வருது. "சார், நீங்க உங்க பாதி எழுதுங்க, நான் என் பாதி எழுதறேன், டெட்லைனுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒட்டிடலாம்"னாங்க. நானும் சரி மேடம்னேன். பதினஞ்சு பக்கத்துல ஏழு பக்கம் அவங்க, ஏழு பக்கம் நான், நடுவுல ஒரு பக்கம் படம். படத்துல இடது பக்கம் ஒரு பெட்டி, வலது பக்கம் ஒரு பெட்டி, நடுவுல ஒரு அம்புக்குறி. இடது பெட்டில மண்ணுலேர்ந்து நல்ல யூரியேஸ் பாக்டீரியாவை தேடி எடுக்கறது, வலது பெட்டில அதை மணல் குழாய்ல ஊத்தி அமுக்கிப் பாக்கறது. அந்த அம்புக்குறி மேல கையை வெச்சு மறைச்சா ரெண்டு பெட்டியும் ஒரு குறையும் இல்லாம தனித்தனியா ஓடும். மூணாவது ரிவ்யூவர் கையை வெச்சு மறைச்சுப் பாத்திருக்கார், அவ்வளவுதான்.

ஸ்ட்ரெயின் விவகாரம்

ரெண்டாவது ரிவ்யூல ஒரு கேள்வி இருந்துச்சு, அதை நாங்க ரெண்டு நாள் புரியாம முறைச்சுப் பாத்துட்டு இருந்தோம். ஸ்ட்ரெஸ்ஸுக்கு ஸ்ட்ரெயின் எப்படி ரெஸ்பாண்ட் பண்ணுதுன்னு அளக்கப்போறதா சொல்றீங்க, ஆனா ஜீன் எக்ஸ்ப்ரெஷன், அதாவது எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு, அளக்கற திட்டமே இல்லையே, ஆர்என்ஏ வேலை எங்கன்னு கேட்டிருந்தார். ஆர்என்ஏவா, நாம எங்க அப்படி எழுதினோம்னு தேடினா, என் பாதில, பக்கம் பதினொண்ணுல, நானே கைப்பட எழுதின வாக்கியம். நான் சொன்ன ஸ்ட்ரெஸ் அமுக்கு விசைய பரப்பளவால வகுத்தது, ஸ்ட்ரெயின் மணல் உருளை தன் நீளத்துல எத்தனை பங்கு குறுகுச்சுங்கறது. மண் இன்ஜினியருக்கு அதுல ரெண்டாவது அர்த்தமே கிடையாது. மைக்ரோபயாலஜி ஆளுக்கோ ஸ்ட்ரெயின்னா பாக்டீரியா வகை, ஸ்ட்ரெஸ்னா உப்போ சூடோ பட்டினியோ அதுக்குக் கொடுக்கற கஷ்டம். அதுக்கு முந்தின ஏழு பக்கமும் மேடம் ஸ்ட்ரெயின்னு எழுதினது எல்லாம் பாக்டீரியா வகையைத்தான். பாவம் அந்த ரிவ்யூவர், ஏழு பக்கம் ஒரு அர்த்தத்துல படிச்சிட்டு வந்து பதினொண்ணாவது பக்கத்துல அதே வார்த்தைக்கு வேற அர்த்தம்னு அவருக்கு எப்படி தெரியும்.

உக்காந்து தேடி எண்ணினேன். அந்த ஒரு வார்த்தை 43 இடத்துல இருந்துச்சு, 26 இடம் பாக்டீரியா, 17 இடம் மண்ணு. அதோட நிக்கல. ‘மாடல்’னா எனக்கு கணக்கு, அவங்களுக்கு மாடல் உயிரி, அதாவது ஆராய்ச்சிக்கு வழக்கமா எடுத்துக்கற உயிரி. ‘கன்ட்ரோல்’னா அவங்களுக்கு பாக்டீரியா போடாம வெச்ச ஒப்பீட்டு சாம்பிள், என் பக்கத்துல ஒரு இடத்துல அது அமுக்கற மெஷினோட வேகக் கட்டுப்பாடு. அதுக்கப்புறம் ஒரு தனி ஃபைல் வெச்சோம், ரெண்டு துறைலயும் வேற வேற அர்த்தம் வர்ற வார்த்தை எல்லாம் அதுல போட்டு, புரபோசல்ல எந்த அர்த்தத்துக்கு எந்த வார்த்தைன்னு முடிவு பண்ணி பூட்டிட்டோம். பாக்டீரியாவுக்கு ஐசொலேட், மண்ணுக்கு ஆக்சியல் ஸ்ட்ரெயின்னு முழுசா. இதுக்குப் போய் ஒரு மத்தியானம் முழுக்க செலவு பண்ணணுமான்னு தோணும், பண்ணணும்.

ஆனா வார்த்தையை மாத்தினதோட பிரச்சனை முடியல. அந்த ஃபைல் போடும்போதுதான் எங்களுக்குள்ளயே ஒத்துப்போகாத விஷயம் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. மொத ரவுண்டுல ஒவ்வொரு சோதனை நிலைமைக்கும் மூணு மணல் குழாய்னு எழுதியிருந்தேன், ஆறு நிலைமை, ஆக 18 குழாய். என் துறைல மூணு சாம்பிள் போட்டு சராசரி எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மேடம் இதை இவ்வளவு நாள் கவனிக்கவே இல்ல, ஏன்னா அது என் பாதி. கவனிச்சப்போ கேட்டாங்க, "மூணு குழாய்க்கும் பாக்டீரியா எங்கேர்ந்து எடுப்பீங்க சார்?"

"ஒரே ஃப்ளாஸ்க்லேர்ந்துதான் மேடம், அப்பதானே மூணும் ஒரே மாதிரி இருக்கும்."

"அப்போ அது மூணு இல்ல சார், ஒண்ணு."

ஒரே ஃப்ளாஸ்க்ல வளந்த கல்ச்சரை மூணா பிரிச்சு ஊத்தினா, அன்னிக்கு அந்த ஃப்ளாஸ்க் சொதப்பியிருந்தா மூணும் சேர்ந்து சொதப்பும். தனித்தனியா மூணு தடவை வளத்தாத்தான் அது மூணு. ஆனா எனக்கோ ஒரே கல்ச்சர்லயே மூணு குழாய் வேணும், மணலை ரொப்பற விதத்துல வர்ற வித்தியாசம் அப்பதான் தெரியும். ரெண்டு பேரு சொல்றதும் நியாயம், அதனால மூணு கல்ச்சர், கல்ச்சருக்கு மூணு குழாய், ஆறு நிலைமை, மொத்தம் 54 குழாய். 18 எங்க, 54 எங்க. ஒரு குழாயை ரொப்பி, பாக்டீரியா விட்டு, திரும்பத் திரும்ப கரைசல் ஊத்தி முடிக்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும். அப்போ மொத ரவுண்டுல நாங்க போட்ட டைம்டேபிள், பட்ஜெட் ரெண்டும் கற்பனை. ரிவ்யூவர்ஸ் யாரும் இதைக் கண்டுபிடிக்கல, ஏன்னா அவங்களும் அவங்கவங்க பாதியைத்தான் படிச்சாங்க. நிதி கிடைச்சிருந்தா ரெண்டாவது வருஷம் நடுவுல முழி பிதுங்கியிருப்போம்.

பேனல் தப்பா, எழுத்து தப்பா

ரிஜெக்ட் ஆன ரெண்டு வாரம் நாங்க பேனலைத்தான் திட்டிட்டு இருந்தோம், மனுஷங்கதானே. திட்டறதுக்கு ஆதாரமும் இருக்கு. ஆஸ்திரேலிய ரிசர்ச் கவுன்சிலோட டிஸ்கவரி திட்டத்துக்கு அஞ்சு வருஷத்துல வந்த 18,476 விண்ணப்பத்தையும் எடுத்து ப்ராம்ஹாம், டின்னேஜ், ஹுவா மூணு பேரும் ஆராய்ஞ்சு 2016ல நேச்சர் இதழ்ல போட்டாங்க. விண்ணப்பிக்கறவங்க தங்க வேலைக்கு எந்தெந்த துறைக் குறியீடு, ஒவ்வொண்ணும் எத்தனை சதவீதம்னு போடுவாங்கல்ல, அதை வெச்சு அந்தத் துறைகள் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தள்ளி இருக்குன்னு கணக்குப் போட்டாங்க. தள்ளித் தள்ளி இருக்கற துறைகளைச் சேர்க்கச் சேர்க்க நிதி கிடைக்கற வாய்ப்பு குறையுது. வருஷா வருஷம் அதே கதை.

இந்த பேப்பரை எல்லாரும் ‘பாத்தீங்களா, பேனலுக்கு கலப்புத் துறைன்னா ஆகாது’ன்னு சொல்ல எடுத்துட்டு வருவாங்க. நானும் சொன்னேன். ஆனா வாய்ப்பு குறையுதுன்னுதான் அது காட்டுது, குறையறதுக்கு பேனலோட மனசு காரணமா, இல்ல எங்களை மாதிரி ரெண்டு பாதியை ஒட்டி அனுப்பறவங்க காரணமான்னு அதுல பிரிச்சுப் பாக்க முடியாது. என் கணக்குல ரெண்டும்தான். ஒரு துறை பேனல்ல உக்காந்திருக்கறவங்களுக்கு தங்க துறைப் பகுதியை சல்லடை போட்டு சலிக்கத் தெரியும், அடுத்த துறைப் பகுதியை மரியாதையா விட்டுடுவாங்க. அதனால ஒவ்வொரு பாதியும் கடுமையான கண்ணுலதான் மாட்டும், நல்ல பேரு வாங்கிக் கொடுக்கறது எல்லாம் தெரியாதவங்க. நம்ம முதல் ரெண்டு ரிவ்யூவும் அதுதானே.

இதைச் சரி பண்ண ஒவ்வொரு ஏஜென்சியும் ஒவ்வொரு விதமா முயற்சி பண்ணுது, விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி இதைப் படிக்காம போனது எங்க சோம்பேறித்தனம். கனடாவுல ஆராய்ச்சிக்கு நிதி தர்ற என்எஸ்இஆர்சியோட டிஸ்கவரி கிராண்ட்ல 12 மதிப்பீட்டுக் குழு இருக்கு, ரெண்டு குழுவுக்கு நடுவுல விழற விண்ணப்பத்தை ரெண்டு குழு ஆட்களும் சேர்ந்து உக்காந்து பாக்கற ஏற்பாடு உண்டு. ஆனா எந்தக் குழுங்கறதுக்கான ஆரம்பமே முழு விண்ணப்பத்துக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி போடற நோட்டிஃபிகேஷன் ஆஃப் இன்டென்ட்தான், அதாவது விண்ணப்பிக்கப் போறோம்னு முன்கூட்டியே சொல்ற ஃபார்ம். அதை ஏதோ ஃபார்மாலிட்டின்னு நினைச்சு கடைசி நாள்ல அவசரமா ரொப்பினா, யாரு படிக்கணும்ங்கற முடிவையே அவசரத்துல எடுத்த மாதிரி. என்எஸ்எஃப்ல ரெய்ஸ்னு ஒரு வழி இருக்கு, அதுக்கு நிதித் திட்டத்தை நடத்தற ப்ரோகிராம் ஆபீசர்ல ரெண்டு பேராவது முன்னாடியே எழுத்துல சரின்னு சொல்லணும், அப்பதான் புரபோசலே அனுப்ப முடியும். ஐரோப்பிய ரிசர்ச் கவுன்சிலோட சினர்ஜி கிராண்ட் ரெண்டுலேர்ந்து நாலு தலைமை ஆய்வாளர்கள் சேர்ந்து போடறது, ஆறு வருஷத்துக்கு ஒரு கோடி யூரோ வரைக்கும், கடைசி கட்டத்துல இன்டர்வியூ இருக்கு. பிரிட்டன்ல இன்ஜினியரிங் ஆராய்ச்சிக்கு நிதி தர்ற இபிஎஸ்ஆர்சி பண்ற சாண்ட்பிட் இன்னும் விசேஷம், வேற வேற துறை ஆட்களை சில நாள் ஒரே இடத்துல தங்கவெச்சு அங்கயே ஐடியாவை உருவாக்கி அங்கயே வடிகட்டறது. பேரு சாண்ட்பிட், மணல் வேலை பண்ற நான் அதைப் பத்தி இத்தனை நாள் கேள்விப்படாம இருந்தது வேற விஷயம்.

நாங்க மொத ரவுண்டுல பண்ணது, நான்தான் பிஐ, அதாவது தலைமை ஆய்வாளர், அதனால ஃபார்ம்ல முதன்மைத் துறை சிவில், ரெண்டாம் துறைங்கற கட்டத்தை காலியா விட்டுட்டேன், கட்டாயம் இல்லன்னு போட்டிருந்துச்சு. அந்த ஒரு காலி கட்டம் போதும், புரபோசல் நேரா சிவில் பேனலுக்குப் போயிடுச்சு. மைக்ரோபயாலஜி ரிவ்யூவர் ஒருத்தராவது கிடைச்சது எங்க அதிர்ஷ்டம்.

ரெண்டாவது தடவை

இந்தத் தடவை மொதல்ல ஒரு பக்கம் மட்டும் எழுதறது, அதை ரெண்டு பேரும் ஒரே மேஜைல உக்காந்து எழுதறது, அதுல ஒரே ஒரு கேள்விதான் இருக்கணும்னு வெச்சுக்கிட்டோம். அந்தக் கேள்வி நான் தனியாவோ அவங்க தனியாவோ பதில் கண்டுபிடிக்க முடியாததா இருக்கணும். கேக்க சுலபமா இருக்கு, மூணு வாரம் ஆச்சு. நாங்க எழுதின முதல் ஆறேழு கேள்வியும் ‘எந்த பாக்டீரியா நல்ல பாக்டீரியா’ இல்ல ‘எவ்வளவு ஊத்தினா எவ்வளவு கெட்டியாகும்’ ரெண்டுல ஒண்ணாத்தான் போய் முடிஞ்சுது, அதாவது பழையபடி அவங்க பெட்டி, என் பெட்டி.

கேள்வி கிடைச்சது ஒரு எரிச்சல்லேர்ந்து. என்கிட்ட பழைய சாம்பிள் ரெண்டு இருந்துச்சு, ஆசிட்ல கரைச்சு எடை பாத்தா ரெண்டுலயும் கால்சைட் அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஒண்ணு சும்மா விரலால தட்டினாலே உதிரும், இன்னொண்ணு மெஷின்ல வெச்சு அமுக்கினாத்தான் உடையும். இதை நான் எப்பவும் ‘சாம்பிள் சரியில்ல’ன்னு ஒதுக்கிடுவேன். மேடம்கிட்ட சும்மா புலம்பினப்போ அவங்க சாதாரணமா, "கால்சைட் எங்க உக்காந்திருக்குன்னு பாத்தீங்களா"ன்னு கேட்டாங்க. ரெண்டு துகள் தொட்டுக்கற முனைல படிஞ்சா அது பசை மாதிரி பிடிக்கும், துகளோட வெளிப்பக்கமா சும்மா பூசின மாதிரி படிஞ்சா எடை கூடும், பலம் கூடாது. கால்சைட் எங்க படியுதுங்கறது பெருமளவு பாக்டீரியா எங்க ஒட்டியிருக்குங்கறதைப் பொறுத்தது, பாக்டீரியா எங்க ஒட்டுதுங்கறது அதோட மேல்தோலையும் பொறுத்தது, மணல் இடுக்குல தண்ணி எந்த வேகத்துல போகுதுங்கறதையும் பொறுத்தது. மேல்தோல் அவங்க வேலை, தண்ணி ஓட்டம் என் வேலை. பாக்டீரியா ஒட்டற இடத்தை மாத்தி, அதே அளவு கால்சைட்டுக்கு கூடுதல் பலம் வாங்க முடியுமா? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி வந்ததும் எல்லாமே தன்னால மாறுச்சு. அளக்கற பொருளே மாறுச்சு, வெறும் பலம் இல்ல, ஒரு கிராம் கால்சைட்டுக்கு எவ்வளவு பலம். அந்த ஒரு வகுத்தல் கணக்குலயே ரெண்டு துறையும் இருக்கு. சாம்பிளும் ஒண்ணாச்சு. மொத ரவுண்டுல அவங்க ஃப்ளாஸ்க் அவங்க லேப்ல, என் குழாய் என் லேப்ல. இப்போ ஒரே குழாயோட நடுத்துண்டை அமுக்கிப் பாப்போம், ரெண்டு ஓரத்துண்டும் மைக்ரோஸ்கோப்புக்குப் போகும், உடைஞ்ச மிச்சம் ஆசிட்டுக்குப் போகும். பெட்டி, அம்புக்குறி படம் போச்சு, அதுக்குப் பதில் ஒரு மணல் குழாயை மூணா வெட்டி எந்தத் துண்டு யார் கைக்குப் போகுதுன்னு ஒரு படம். கையை வெச்சு மறைக்க அம்புக்குறியே கிடையாது.

சண்டையும் வந்துச்சு. மணலை ஆட்டோகிளேவ் பண்ணணும், 121 டிகிரில வெச்சு எடுத்தாத்தான் உள்ள இருக்கற வேற பாக்டீரியா சாகும், இல்லன்னா யாரு ஒட்டினது யாரு படியவெச்சதுன்னே தெரியாதுன்னாங்க மேடம். நிஜ மண்ணுல எவன் ஆட்டோகிளேவ் பண்ணுவான், அப்படிப் பண்ணா என் பேனல்ல சிரிப்பாங்கன்னு நான். கடைசில ரெண்டையும் போட்டோம், முதல்ல சுத்தமான மணல், கடைசி கட்டத்துல அப்படியே எடுத்த மண்ணு. முக்கியமா, இந்தச் சண்டையை மறைக்காம புரபோசல்லயே ஒரு பாரா எழுதினோம், இதனாலதான் இந்த வரிசைன்னு. பேனல் சம்மரில தனியா குறிப்பிட்டு நல்லா இருக்குன்னு சொன்னது அந்த பாராவைத்தான்.

அமோனியம் பத்தி மொத ரவுண்டுல ஒரு வரி கூட இல்ல, வெக்கமா இருக்கு சொல்ல. யூரியா உடையும்போது ஒரு கார்பனேட்டுக்கு ரெண்டு அமோனியம் வரும். கணக்கா 100 கிராம் கால்சைட்டுக்கு 36 கிராம் அமோனியம், அது நிலத்தடி தண்ணிக்குத்தான் போகும். நான் அதை மைக்ரோபயாலஜி விஷயம்னு நினைச்சேன், மேடம் அதை சைட் விஷயம்னு நினைச்சாங்க. ரெண்டு பாதிக்கும் நடுவுல விழுந்துடுச்சு. நடுவுல விழற விஷயம் எப்பவுமே முக்கியமான விஷயமா இருக்கறது என்ன ராசியோ. இந்தத் தடவை எங்க கேள்வியே அதுக்கும் பதிலா அமைஞ்சுது, கம்மி கால்சைட்ல அதே பலம்னா கம்மி அமோனியம்.

எழுதி முடிச்சு, ரெண்டு துறைக்கும் சம்பந்தமே இல்லாத கணக்குத் துறை நண்பர்கிட்ட சுருக்கப் பக்கத்தை மட்டும் கொடுத்தோம். படிச்சிட்டு பேப்பரைத் திருப்பி வெச்சிட்டு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்கன்னோம். மொத தடவை "ஏதோ கிருமியை வெச்சு ரோடு போடறீங்க"ன்னார். மறுபடி எழுதினோம். மூணாவது தடவை, "மணலுக்குள்ள பாக்டீரியா எங்க உக்காருதுங்கறதுதான் கேள்வியா?"ன்னு கேட்டார். அதுக்கு மேல அந்தப் பக்கத்தை நாங்க தொடல. இன்னொண்ணு, மொத புரபோசல்ல ‘இன்டர்டிசிப்ளினரி’ங்கற வார்த்தை 14 தடவை வந்திருந்துச்சு, இதுல ரெண்டு தடவைதான், அதுல ஒண்ணு ஃபார்ம்லயே அச்சாகி வந்தது.

பட்ஜெட்லயும் ஒரு பெரிய மாற்றம். முன்னாடி அவங்களுக்கு ஒரு ஸ்டூடண்ட், எனக்கு ஒரு ஸ்டூடண்ட், ரெண்டு பேரும் சந்திக்கறது ஆறு மாசத்துக்கு ஒரு மீட்டிங்ல. இப்போ ஒரே ஸ்டூடண்ட், ரெண்டு கைடு, முதல் நாலு மாசம் அவங்க லேப்ல பாக்டீரியா வளக்கக் கத்துக்கணும், அடுத்த நாலு மாசம் என் லேப்ல மணல் ரொப்பக் கத்துக்கணும், அந்த எட்டு மாசத்துல ரிசல்ட்னு ஒண்ணும் எதிர்பாக்கலன்னு டைம்டேபிள்லயே எழுதிட்டோம். கூட ஒரு டெக்னீசியன் பாதி நேரத்துக்கு, 54 குழாயை யாரு ஊத்தறது. எட்டு மாசம் ரிசல்ட் இல்லன்னு எழுதறதுக்கு எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. மேடம்தான், "இருக்கற நேரத்தை இல்லன்னு எழுதினா அது அப்புறம் நம்ம கழுத்தைத்தான் பிடிக்கும் சார்"னாங்க.

யாரு பிஐங்கறதுல ஒரு சங்கடம், அதை யாரும் வெளிய எழுதறதில்ல. எங்க இடத்துல கிராண்ட் கிடைச்சா அதோட பேரு முழுக்க பிஐயோட துறைக்கு, கூட இருக்கறவங்க துறைக் கணக்குல பூஜ்யம். பாதி வேலை மேடம் பண்ணுவாங்க, அவங்க வருஷாந்திர ரிப்போர்ட்ல ஒரு வரி. விண்ணப்பம் அனுப்பறதுக்கு முன்னாடியே ரெண்டு துறைத் தலைவர்கிட்டயும் பாதிக்குப் பாதின்னு எழுத்துல வாங்கினோம், அதுக்கு ஒன்பது மெயில் ஆச்சு. புரபோசல் எழுதினதை விட இது கஷ்டம். இதை கிராண்ட் கிடைச்சப்புறம் பேசிக்கலாம்னு விட்டு, பேச்சுவார்த்தையே நின்னு போன ரெண்டு டீமை நான் பக்கத்துலேர்ந்து பாத்திருக்கேன்.

அனுப்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அந்த ஒரு பக்கத்தை ப்ரோகிராம் ஆபீசருக்கு அனுப்பி, இதை எந்த பேனல் படிக்கணும்னு நீங்க நினைக்கறீங்கன்னு மட்டும் கேட்டோம். நல்லா இருக்கான்னு கேக்கல, அதை அவங்க சொல்லவும் மாட்டாங்க. ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, ரெண்டாம் துறை கட்டத்தை ரொப்புங்க, ரெண்டு பேனல்லேர்ந்தும் ஆள் போடறோம், பரிந்துரை ரிவ்யூவர் பேருல ரெண்டு துறைலயும் பேப்பர் போட்டவங்களா பாத்துக் கொடுங்கன்னு. இவ்வளவு சுலபமான விஷயத்தை மொத வருஷம் கேக்காம விட்டதுக்கு என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கிட்டேன்னு கணக்கில்ல.

இன்டர்வியூ இருபது நிமிஷம். முந்தின வாரம் ஒத்திகை பாத்தப்போ மேடம் ஒரு விதி போட்டாங்க, பாக்டீரியா கேள்வி வந்தா நான்தான் முதல்ல பதில் சொல்லணும், மண்ணு கேள்வி வந்தா அவங்க. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அதே மாதிரி பேனல்ல ஒருத்தர், பாக்டீரியா தானே படியவெச்ச கால்சைட்டுக்குள்ள தானே மாட்டிக்கிட்டா யூரியேஸ் வேலை நின்னுடுமேன்னு கேட்டார். ஆமா நிக்கும், அதனாலதான் ஒவ்வொரு சுத்துக்கும் அப்புறம் வெளிய வர்ற தண்ணியோட மின்கடத்துத்திறனை அளக்கறோம், யூரியா உடைஞ்சாத்தான் அது ஏறும், ஏறாம படுத்துச்சுன்னா புது பாக்டீரியா விடறோம்னு சொன்னேன். சிவில் ஆளு ஒருத்தர் மேடத்தைப் பாத்து, வெறும் உருளையை நேரா அமுக்கறீங்க, நிலத்துக்கடியில சுத்தி இருக்கற அழுத்தத்துக்கு என்ன பதில்னு கேட்டார். அவங்க ஒரு நொடி கூட யோசிக்காம, அது மூணாவது வருஷம், சுத்தியும் அழுத்தம் கொடுத்து அமுக்கற ட்ரையாக்சியல் டெஸ்ட்ல வருது, முதல் ரெண்டு வருஷம் ஒரே மாதிரி உடையுதான்னு பாக்கத்தான் இந்தச் சின்ன டெஸ்ட்னு சொன்னாங்க. கேட்டவர் பக்கத்துல இருந்தவரைத் திரும்பிப் பாத்து லேசா சிரிச்சார், எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

கேட்டதுல கால்வாசி வெட்டிட்டுத்தான் கொடுத்தாங்க. வெட்டினது கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் நேரத்துல பாதி, அப்புறம் டெக்னீசியனோட கடைசி வருஷம். 54ங்கறது 45 ஆச்சு, ஒரு நிலைமையை விட்டுட்டோம்.

ஸ்டூடண்ட் சேர்ந்து இப்போ ஆறாவது மாசம். போன வாரம் மேடம் லேப் ஃப்ரிட்ஜ்ல அவன் வெச்சிருந்த பாட்டில் மேல ‘எஸ் 3’ன்னு லேபிள். மேடம் அது மூணாவது ஸ்ட்ரெயின்னு எடுத்து கல்ச்சர் போடப் போயிட்டாங்க, நான் மூணாவது சாண்டுன்னு சொன்னேன், அவனைக் கூப்பிட்டு கேட்டா சாம்பிள் மூணுங்கறான். வார்த்தை ஃபைலைத் திறந்து கடைசி வரில எஸ்ஸுன்னு ஆரம்பிக்கற எதையும் லேபிள்ல எழுதக் கூடாதுன்னு சேர்த்துட்டோம், பாட்டில்ல இருந்தது என்னன்னு பாக்க தட்டுல போட்டு இன்க்யுபேட்டர்ல வெச்சிருக்கு.